பெய்யும் பனி, பெய்து ஓய்ந்த பனி

சீன மை ஓவியத்தில் பனிமலை வரைகிறவர் பெரும்பாலும் பனியைத் தொடுவதே இல்லை. மலைக்கு மேலே உள்ள வானத்தை வரைவார், கீழே ஓடும் ஆற்றை வரைவார், பாறையின் அடிப்பக்கத்து நிழலை வரைவார். பனி இருக்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுவார். சுற்றிலும் சாம்பல் ஏற ஏற, விட்ட இடம் தானாக வெளுத்துக்கொண்டு வரும். பட்டோ காகிதமோ, எதில் வரைகிறாரோ அதன் சொந்த நிறம்தான் பனி.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் அந்த மை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பயமாக இருக்கும். பைன் மரக் கரியையோ எண்ணெய்ப் புகைக் கரியையோ விலங்குப் பசையில் குழைத்துக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள். வேண்டும்போது மைக்கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துக்கொள்ள வேண்டும். பட்டில் ஒருமுறை காய்ந்துவிட்டால் அந்த மை போகாது. வானத்துக்கு மிக நீர்த்த மையை ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு, அப்புறம் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டும். அந்தப் பூச்சு மலை முகட்டில் வந்து சரியாக நிற்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் பனி போச்சு. இந்தக் கலையில் எதையும் இன்னும் கருப்பாக்கலாம், வெளுப்பாக்க வழியில்லை. ஆகவே முதல் கோடு போடுவதற்கு முன்பே பனி எங்கெல்லாம் படுத்திருக்கிறது என்பது ஓவியரின் மனதில் முடிவாகியிருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. வெள்ளைப் பொடியைப் பசையில் கரைத்துப் பூசுவது அல்லது தூரிகையிலிருந்து சுண்டித் தெறிக்கவிடுவது. சிப்பியை அரைத்த வெள்ளை உண்டு, ஈய வெள்ளை உண்டு. ஈய வெள்ளையில் ஒரு வில்லங்கம்: காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் காலப்போக்கில் கறுத்துப்போகும். வெறும் பட்டை விட்டுவைத்தவர்களும் முழுக்கத் தப்பவில்லை. பட்டுக்கு வயதானால் பழுப்பேறும். ஆயிரம் வருடத்துக்கு முன் வரைந்த பனியை இன்றைக்குப் பார்த்தால் அது நல்ல திடமான டீயின் நிறத்தில் இருக்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச நேரம் பார்த்தால் கண் அந்தப் பழுப்பைக் கழித்துக்கொள்கிறது.

இவற்றை நான் பார்ப்பது பெரும்பாலும் திரையில். தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகம் தன்னிடம் இருக்கும் பழைய ஓவியங்களின் படங்களை நல்ல தெளிவில் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. மூல ஓவியங்களைச் சில வாரங்கள் மட்டும் வெளியே மாட்டிவிட்டு, வெளிச்சம் படாமல் வருடக்கணக்கில் உள்ளே வைத்துவிடுவார்கள். பட்டுக்கு வெளிச்சம் ஆகாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கிய விளக்கில் பார்ப்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து விரலால் விரித்து விரித்துப் பார்ப்பதில் சில சமயம் கூடுதலாகவே கிடைக்கிறது. ஆள் உயரப் படத்தில் நகக்கண் அளவுக்கு இருக்கும் மனிதர்களைத் தேடும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. பனிப் படம் என்றால் முதலில் மலையைப் பார்ப்பதில்லை. வெளியே யார் நிற்கிறார்கள், அவருக்குக் குளிர்கிறதா என்று பார்ப்பேன்.

ஆனாலும் மலையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மலை என்றால் ஃபான் குவான். வட சோங் என்ற அரச மரபின் காலத்து ஆள். பத்தாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினொன்றின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர், ஷான்ஷி பக்கத்துக்காரர். குளிர்கால மரங்களை வரைவதில் பேர்பெற்ற லி செங் என்பவரின் பாணியில்தான் தொடங்கினார். பிறகு, ஆளிடம் கற்பதைவிடப் பொருளிடம் கற்பது மேல், பொருளிடம் கற்பதைவிடத் தன் மனதிடம் கற்பது மேல் என்று சொல்லிவிட்டு ஜோங்நான், ஹுவா மலைப் பகுதிகளுக்குக் குடிபோனார். நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பாராம். பனியும் நிலவும் சேர்ந்த இரவுகளில்கூட வெளியே உலாவியபடி உற்றுப் பார்ப்பாராம். அவர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ஓவியர் வரலாற்றுக் குறிப்பு இப்படிச் சொல்கிறது.

அவர் பெயரில் வழங்கும் பனிக்காட்டு ஓவியம் ஒன்று தியான்ஜின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். முன்னால் இலையுதிர்ந்த அடர்ந்த மரங்கள், பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் சிகரங்கள். ஒவ்வொரு பாறையிலும் மேல்முகம் வெறும் பட்டு, கீழ்முகத்தில் குறுகிய தூரிகைக் குத்துகள். வெயில் காலத்து மலையாக இருந்தால் அந்தக் குத்துகள் பாறை முழுக்க மொய்த்திருக்கும். பனி விழுந்ததும் அவை கீழே ஒதுங்கிவிட்டன. பாறையின் கனம் மட்டும் குறையவே இல்லை. ஒரு பெரிய கல்லின் மேல் பாதியில் எதுவுமே வரையாமல் அதைக் கனமாகக் காட்டுவது சாதாரணக் காரியமில்லை.

1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடைகால அரண்மனையைக் கொள்ளையடித்தபோது வெளியே போன ஓவியம் இது என்கிறார்கள். தியான்ஜினில் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்து, 1980களின் தொடக்கத்தில் அரசுக்குக் கொடையாகப் போய்ச் சேர்ந்தது. முன்னால் நிற்கும் மரத்தண்டு ஒன்றில் ‘அடியேன் ஃபான் குவான் வரைந்தது’ என்று கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தே சந்தேகத்தையும் கிளப்பிவிட்டது. அவருடைய இயற்பெயர் ஜோங்ஜெங். தாராள மனசுக்காரர் என்பதால் ஊரார் வைத்த பட்டப்பெயர்தான் குவான் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ‘அடியேன்’ என்று போட்டால் அது அரசருக்கு முன் வைக்கும் படம்; அதில் யாராவது பட்டப்பெயரில் கையெழுத்துப் போடுவார்களா? நியாயமான கேள்விதான். படம் அவருடையதோ, அவர் வழியில் வந்த இன்னொருவருடையதோ, எனக்கு அதில் வழக்கில்லை. அந்தப் பாறைகளை வரைந்தவர் மலையில் குளிர்காலம் கழித்தவர் என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த தலைமுறையில் குவோ ஷி. அரசவை ஓவியர், அத்தோடு ஓவியத்தைப் பற்றிப் பேசவும் தெரிந்தவர். அவர் பேச்சை மகன் குவோ ஸு தொகுத்து வைத்தார். வசந்தத்தில் மலை சிரிப்பதுபோல இருக்கும், கோடையில் பச்சை சொட்டுவதுபோல இருக்கும், இலையுதிர் காலத்தில் அலங்காரம் செய்துகொண்டதுபோல இருக்கும், குளிர்காலத்தில் வாடிப்போய் உறங்குவதுபோல இருக்கும் என்று அதில் வருகிறது. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே நூலில் இதற்குச் சோடியாக இன்னொரு வரிசை உண்டு, அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு பருவத்து மலையும் மனிதனை என்ன செய்யும் என்கிற வரிசை அது. வசந்தத்தில் மகிழ்ச்சி, கோடையில் நிம்மதி, இலையுதிர் காலத்தில் ஒரு கண்டிப்பு, குளிர்காலத்தில் ஆள் அடங்கிப்போகிறான். எந்த ஆள்? சூடான அறையில் உட்கார்ந்து சுவரில் தொங்கும் மலையைப் பார்க்கிறவனா, அந்த மலைப்பாதையில் கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டு போகிறவனா? குவோ ஷி யாருக்காகப் பேசினார் என்பதில் சந்தேகமில்லை. ஊரில் உத்தியோகத்தில் கட்டுண்டு கிடக்கிறவர் வீட்டை விட்டுப் போகாமலே மலையை அனுபவிக்கத்தான் ஓவியம் என்று அந்த நூலே சொல்கிறது.

(குவோ ஷிக்கு வந்த கதி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவரை ஆதரித்த பேரரசர் போய் ரசனை மாறியபின் அவர் படங்கள் அரண்மனைச் சுவர்களிலிருந்து இறங்கின. சில பத்தாண்டுகள் கழித்து, ஓவியம் ஒட்டும் தொழிலாளி ஒருவர் பழைய பட்டு ஓவியத்தால் மேசை துடைப்பதை ஓர் அதிகாரி பார்த்தார். விசாரித்தால் அது குவோ ஷி வரைந்தது. அந்த அதிகாரியின் மகன் தெங் சுன் தான் எழுதிய ஓவிய வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.)

இந்தப் பனிப் படங்களை ஒருசேரப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். பனி பெய்துகொண்டிருக்கும் படங்கள் குறைவு. பெரும்பாலானவை பெய்து ஓய்ந்த பின் வரைந்தவை. பனி ஓய்ந்து வானம் வெளுப்பது என்பதே ஒரு நிலையான தலைப்பு. பட்டை விட்டுவைத்துப் பனி காட்டும் உத்தி அதற்குத்தான் தோது. விட்டுவைத்த இடம் அசையாது, படுத்துக்கிடக்கும். விழுகிற பனியை விட்டுவைத்துக் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு பொட்டையும் சுற்றி வானத்தைப் பூச வேண்டும். யாரால் ஆகும்? ஆகவே மௌனமான, முடிந்துபோன பனி. கதவைத் திறந்து வெளியே பார்க்கும்போது தெரிகிற பனி.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஹுவாங் கோங்வாங் 1349இல் வரைந்த ஒன்பது சிகரங்கள். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறு உத்தியோகம் பார்த்து, மேலதிகாரியின் வழக்கில் மாட்டிச் சிறைக்குப் போய்வந்து, பிறகு தாவோ என்ற சீனச் சமய நெறியில் இறங்கியவர் அவர். படத்தில் சிகரங்கள் ஏறக்குறைய வெறும் வெள்ளை. ஓரத்தில் ஒன்றிரண்டு கோடு, அடியில் கரித்துண்டால் குத்தியதுபோலச் சின்னச் சின்ன மரங்கள், பின்னால் கனத்த வானம். மூலையில் அவரே எழுதிய குறிப்பு: ஆண்டின் முதல் மாதத்தில் நண்பருக்காகப் பனிமலை வரையத் தொடங்கியதும் பனி கொட்ட ஆரம்பித்தது, இரண்டு மூன்று முறை பெய்தது, படம் முடிந்த பிறகுதான் நின்றது, இதுவும் ஓர் அதிசயம்தான். கீழே தன் வயது எண்பத்தொன்று என்று போட்டிருக்கிறார். பாருங்கள், வெளியே பனி கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆனால் படத்தில் ஒரு துளி விழவில்லை. கிழவர் உள்ளே உட்கார்ந்து ஓய்ந்த பனியை வரைந்துகொண்டிருந்தார்.

வென் ஜெங்மிங் இன்னும் ஒரு படி மேலே போனார். 1528 குளிர்காலம், சூஜோ பக்கத்து மலைக்கோயில் ஒன்றில் நண்பர் வாங் சோங்குடன் தங்கியிருக்கிறார். பனி அடித்துப் பெய்கிறது. நண்பர் நல்ல காகிதமாக எடுத்து நீட்டுகிறார். அன்றைக்குத் தொடங்கிய ஓவியச் சுருள் முடிந்தது 1532இல். பெய்ஜிங்கில் கொஞ்ச காலம் உத்தியோகம் பார்த்து, பிடிக்காமல் ஊர் திரும்பியிருந்த மனிதர் அவர். கேட்டதற்கெல்லாம் உடனே வரைந்துகொடுக்கிற ரகம் இல்லை. நாலரை மீட்டர் நீளத்துக்குப் பனிமூடிய கணவாய்கள். அதில் அவர் எழுதி வைத்தது: முற்காலத்து உயர்ந்த மனிதர்கள் பொழுதுபோக்காக மலையும் நீரும் வரைந்தபோது அடிக்கடி பனியை எடுத்துக்கொண்டார்கள், உலகத்தோடு ஒட்டாத தங்கள் தனிமையையும் உயரத்தையும் அதன்மேல் ஏற்றிச் சொல்லத்தான். படித்தவர்களின் பனி ஓவியத்துக்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடையாது. பனி ஒரு குணமாகிவிட்டது. சுத்தம், உயர்வு, விலகல். அந்தச் சுருளில் பயணிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள், பாலம் கடக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் என் கண்ணுக்கு ஒருவருக்கும் குளிரவில்லை.

குளிர்கிற படம் வேண்டும் என்றால் இன்னும் ஐந்நூறு வருடம் பின்னால் போகவேண்டும். தென் தாங் அரசு, இன்றைய நான்ஜிங்தான் தலைநகர். அங்கே அரசு ஓவியக்கூடத்தில் மாணவராக இருந்த ஜாவ் கான் என்பவர் வரைந்த சுருள், ஆற்றுப் பயணத்தில் முதல் பனி. உயரம் 25.9 சென்டிமீட்டர், நீளம் 376.5. தொடக்கத்திலேயே ‘ஓவியக்கூட மாணவன் ஜாவ் கான்’ என்று எழுதியிருக்கிறது. அது கடைசி அரசர் லி யூவின் கையெழுத்து என்பது மரபு. 975இல் சோங் படை அந்த அரசையே முடித்துவிட்டது, சுருள் மட்டும் தப்பி இப்போது தைபேயில்.

இதில் பனி பெய்துகொண்டிருக்கிறது. வானத்தையும் நீரையும் மையால் மங்கலாக்கிவிட்டு, அதன்மேல் வெள்ளைப் பொடியைச் சுண்டித் தெறித்திருக்கிறார். திரையில் பெரிதாக்கினால் புள்ளிகள் ஒரே அளவில் இல்லை, ஒழுங்கில் இல்லை. நாணல் மேல் விழுந்திருக்கிறது, தண்ணீர்மேல் விழுந்திருக்கிறது, ஆட்கள் மேல் விழுந்திருக்கிறது. விட்டுவைத்த பனியில் ஓவியரின் தீர்மானம் தெரியும். இதில் எந்தப் புள்ளி எங்கே விழும் என்பது ஓவியரின் கையை விட்டுப் போய்விட்டது. விழுந்த இடத்தில் விழுந்தது. பனியும் அப்படித்தானே பெய்கிறது.

யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதி அது. வடக்கே போல ஆறு உறைந்து கல்லாவதில்லை. அதனால் வேலை நிற்பதுமில்லை. மீனவர்கள் வெறும் காலோடு தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். நீர்மேல் கம்பு நட்டுப் பரண் கட்டி, பெரிய வலைகளை இறக்கி ஏற்றுகிறார்கள். நாணலால் வேய்ந்த சின்னக் கூரைக்குக் கீழே சிலர் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். கரையில் கழுதைமேல் போகிற பயணிகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கைகளை அங்கிக்குள் திணித்துக்கொண்டு போகிறார்கள். முகங்கள் கடுகு அளவுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சுளிப்பு. முதுகைப் பார்த்தாலே குளிர் தெரிகிறது. ஆற்றில் நிற்கிறவனும் கரையில் போகிறவனும் ஒரே பனியில்தான் நனைகிறார்கள். ஆனால் கழுதைமேல் இருப்பவர் எங்கோ போய்ச் சேர்ந்து அடுப்பருகில் உட்கார்ந்துவிடுவார், வலை இழுப்பவன் இங்கேயே இருப்பான். ஒரு மாணவன் வரைந்தது இது. அரசரின் கண்ணுக்குப் போகிற படம். அதில் மலையின் பெருமையைக் காட்டாமல் சகதியையும் நாணலையும் விறைத்துப்போன கால்களையும் வரைய அவருக்குத் தோன்றியிருக்கிறது. சீனப் பனி ஓவியங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் ஃபான் குவானை விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன்.

இதைப் பார்த்துப் பழகியபின் மற்றப் படங்களில் சும்மா இருக்க முடிவதில்லை. ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த கதை ஒன்று. நாலாம் நூற்றாண்டில் வாங் ஹுய்ஜி என்கிற பிரபு ஒரு நள்ளிரவில் விழிக்கிறார். வெளியே எல்லாம் வெள்ளை. மது வரவழைத்துக் குடிக்கிறார், கவிதை சொல்கிறார், தொலைவில் இருக்கும் நண்பர் தாய் குய் நினைவுக்கு வருகிறார். உடனே படகேறுகிறார். ராத்திரி முழுக்கப் பயணம். விடியும்போது நண்பர் வீட்டு வாசல் வந்துவிடுகிறது. அங்கேயே திரும்பிவிடுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, ‘மனம் எழுந்தது, வந்தேன். மனம் அடங்கியது, திரும்பினேன். தாய் குய்யைப் பார்த்துத்தான் ஆகவேண்டுமா?’ என்றார். சீன இலக்கியத்தில் சுதந்திர மனத்துக்கு இது பெரிய உதாரணம். சரி, பிரபுவின் மனம் எழுந்தது, அடங்கியது. ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்டவனுக்கு? யுவான் அரச மரபுக் காலத்து (பதினான்காம் நூற்றாண்டு) ஓவியர் ஜாங் வோ இந்தக் கதையை வரைந்தபோது பிரபுவைப் படகுக்குள் உட்கார வைத்து, பின்முனையில் படகோட்டியைக் குளிரில் குறுகிப்போனவனாகக் காட்டியிருக்கிறார். கதை எழுதியவர் விட்டுவிட்ட ஆளை ஓவியரால் விட முடியவில்லை. படகு வரைந்தால் தள்ளுகிறவனையும் வரைந்துதானே ஆகவேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. யுவான் ஆன் என்கிற ஏழைப் படிப்பாளியின் கதை வேறு மாதிரி. லோயாங்கில் பெரும்பனி. எல்லோரும் வாசலை வெட்டித் திறந்து உணவு தேடி வெளியே வந்துவிட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் மட்டும் காலடித் தடமே இல்லை. செத்துவிட்டார் என்று நினைத்து அதிகாரி பனியை அகற்றிவிட்டுப் போய்ப் பார்த்தால், உள்ளே விறைத்துப் படுத்திருக்கிறார். ஏன் வெளியே வரவில்லை? ‘எல்லோரும் பசியில் இருக்கிறார்கள், இந்த நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது.’

இதைத் தாங் அரச மரபுக் காலத்து (எட்டாம் நூற்றாண்டு) கவிஞரும் ஓவியருமான வாங் வெய் வரைந்திருந்தார். பதினொன்றாம் நூற்றாண்டில் ஷென் குவோ என்கிற அறிஞர் அந்தப் படம் தன் வீட்டில் இருப்பதாக எழுதுகிறார். அதில் பனிக்கு நடுவே ஒரு வாழை பச்சையாக நிற்கிறதாம். பனியில் வாழையா என்று பெரிய சண்டை. உருவத்தில் குற்றம் கண்டுபிடிப்பவர்கள் நிறைய, உள்ளே போகிறவர்கள் குறைவு என்று ஷென் குவோ அடித்துவிட்டார். பிறகு வந்த ஒருவர், தெற்கே குவாங்டோங் பக்கம் போய்ப் பாருங்கள், பனி விழுந்தாலும் வாழை அப்படியே நிற்கும் என்று சாட்சி சொன்னார். எனக்கென்னவோ இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கிறது. தத்துவம் பேசாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். படம் இப்போது இல்லை. வாங் வெய் கையால் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கடைசியாக அந்தத் தூண்டில்காரர். 805இல் அரசியல் கவிழ்ந்து தெற்கே யோங்ஜோவுக்குத் துரத்தப்பட்ட லியூ ஜோங்யுவான் எழுதிய இருபதே எழுத்துக் கவிதை: ஆயிரம் மலைகளில் பறவை இல்லை, பதினாயிரம் பாதைகளில் காலடி இல்லை, ஒற்றைப் படகில் ஓலைத் தொப்பிக் கிழவர் குளிராற்றின் பனியில் தூண்டில் போடுகிறார். அந்தக் கிழவர் மீனவர் இல்லை, கவிஞரேதான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நூற்றாண்டுகளாக ஓவியர்கள் இதை வரைந்தார்கள். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் மா யுவான் பெயரில், 1195 வாக்கில் வரைந்ததாகச் சொல்லப்படும் ஒன்று இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்று அதிக அகலம். மலை கிடையாது, கரை கிடையாது, பனிகூடக் கிடையாது. நடுவில் ஒரு படகு, அதைச் சுற்றி நாலைந்து அலைக்கோடு, மீதி எல்லாம் வெறும் பட்டு. விட்டுவைப்பதில் இதற்கு மேல் போக முடியாது.

படகின் பின்முனை லேசாக மேலே தூக்கியிருக்கிறது, ஏனென்றால் ஆள் முன்னால் சாய்ந்திருக்கிறார். நூலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தூண்டில் கம்பை விரித்துப் பார்த்தால் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் தெரியும். நூல் சுற்றும் சக்கரம். தூண்டில் சக்கரத்தைக் காட்டும் உலகின் மிகப் பழைய படம் இதுதான் என்று மீன்பிடி வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். மலை, வானம், பனி என்று எல்லாவற்றையும் துடைத்தெறிந்த ஓவியர், இந்தச் சக்கரத்தை மட்டும் விடாமல் வரைந்திருக்கிறார். தனிமையைக் காட்டத்தான் அந்தப் படகு என்றால் அதற்குச் சக்கரம் எதற்கு? என்னைக் கேட்டால், மா யுவானின் கிழவர் அன்றைக்கு மீன் பிடிக்கத்தான் வந்திருந்தார்.